ஊருக்குச் சொல்லாத பெயர்

டிசம்பர் வந்துவிட்டால் வடகோடிப் பனி ஊரான அகுரேரியில் புதுப் புத்தகத்தைத் தவிர வேறு பேச்சே கிடையாது. அந்த வருஷம் எல்லார் வாயிலும் ஹெர்தீஸ் எழுதிய நாவல்தான். நீச்சல்குளத்து வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு முங்கிக்கொண்டு, தலையில் பனி கொட்டக் கொட்ட, பெண்கள் அவளை ஆகா ஓகோ என்று புகழ்ந்துகொண்டிருந்தார்கள். ஹெர்தீசுக்கு முகமெல்லாம் பல்.

எதிரே தோரா உட்கார்ந்திருந்தாள். ஹெர்தீசுக்குச் சின்ன வயசிலிருந்தே உயிர்த்தோழி. நாவலின் முதல் பக்கத்தைப் புரட்டியதுமே அவள் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். கதாநாயகியின் பெயர் ஹாவ்ரூன்.

அந்த ஊரில் ஞானஸ்நானம் முடிகிறவரை பிள்ளையின் பெயரைப் பெற்றவள் வெளியே விடமாட்டாள். தோராவும் தன் மகளின் பெயரைப் பொத்திப் பொத்தித்தான் வைத்திருந்தாள். ஞானஸ்நானத்துக்கு முந்தின வாரம் குழந்தை தூக்கத்திலேயே போய்விட்டது. தகப்பன்காரன் அதற்கு முன்பே கப்பலேறிப் போனவன். கல்லறையில் ‘தோராவின் மகள்’ என்று மட்டும்தான் வெட்டியிருக்கிறது. ஹெர்தீசின் மடியில் விழுந்து அழுதபோதுதான், ஒரே ஒரு தடவை, அந்தப் பெயரைச் சொன்னாள்.

“இந்தப் பேரை எங்கேருந்துடி பிடிச்சே?” என்று ஒருத்தி கேட்டாள். 

“அதெல்லாம் தானா வரும். காபி குடிச்சிட்டிருந்தேன், சட்டுனு தோணுச்சு,” என்றாள் ஹெர்தீஸ். வாய் கூசாமல் சொன்னாள், பாவி!

தன் அழுகையை எழுதியிருந்தால்கூட, எழுதுகிறவள் புத்தி அப்படித்தான் என்று தோரா விட்டிருப்பாள். பிள்ளைக்கென்று அவள் கொடுத்தது அந்தப் பெயர் ஒன்றுதான். அதையும் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டாளே!

தொட்டி விளிம்பில் காலை மட்டும் நனைத்துக்கொண்டிருந்த நிறைமாதக்காரி லில்யா சிரித்தாள். “வெளியே சொல்லக் கூடாதுதான், வாய் நிக்கமாட்டேங்குது. பொண்ணு பிறந்தா ஹாவ்ரூன்தான். வச்சுக்கட்டுமா, ஹெர்தீஸ்?”

“தாராளமா வச்சுக்கோ! நானா குத்தகைக்கு எடுத்திருக்கேன்?”

“வைக்காதே லில்யா,” என்றாள் தோரா. “அது செத்துப்போன என் பொண்ணோட பேரு.”

ஹெர்தீஸ் தண்ணீரைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், தோராவை மட்டும் பார்க்கவில்லை.

“இவ்வளவு வருத்தமா இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்று முனகினாள். “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி.”

“உன்கிட்ட மட்டும்தான்டி சொன்னேன்,” என்றாள் தோரா.