சாமியைத் திரும்பக் கேட்டவள்

கேள்வியை வாசித்து முடித்தார் எழுத்தர் ஹோரிமின். பல்லக்கில் இருந்த சாமி ஓரடி முன்னால் வந்தது. முன்னால் வந்தால் ஆமாம், பின்னால் போனால் இல்லை. ஆக, ஹுன்ரோவின் அறை கைவிட்டுப் போய்விட்டது.

அவள் அப்பா மேற்குச் சரிவில் கல்லும் மண்ணுமாகக் கட்டிய ஒற்றை அறை அது. புருஷன் அவளை விரட்டிய அன்று, "இது உனக்கு. இங்கேருந்து உன்ன எவனும் கிளப்ப முடியாது" என்று ஊரார் காதுபடச் சொல்லித்தான் அவர் கொடுத்தார். அவர் கண்ணை மூடியதும், அந்த இடம் தன் அக்கா மகனுக்குச் சேர வேண்டியது என்று ஹோரிமின் கிளம்பினார். ராஜாக்களுக்குக் கல்லறை வெட்டுகிறவர்களின் ஊர் அது. அங்கே கூலித் தானியம் அளக்கிற கை எழுத்தருடையது. அவரை எதிர்த்து யார் பேசுவார்கள்? வழக்கு சாமியிடம் வந்தது.

சாமி, எப்போதோ ஆண்டு செத்து, பிறகு இந்த ஊருக்குக் காவலாக வந்த ராஜா. திருவிழாவன்று சிலையாகப் பல்லக்கில் வெளியே வருவார். தூக்குகிறவர்கள் மற்ற நாளில் உளி பிடிக்கிற ஆட்கள்தான். அன்றைக்கு மட்டும் தலையை மழித்து வெள்ளை கட்டியிருப்பார்கள். கேள்வியைப் பானை ஓட்டுச் சில்லில் எழுதி வாசிப்பது எழுத்தர் வேலை. அதை எந்தப் பாஷையில் வாசிப்பார் என்கிறீர்கள்? பாட்டனுக்குப் பாட்டன் காலத்துப் பாஷையில். பெண்டாட்டியிடம் வெங்காயம் கேட்கும்போது அவரும் நம்மைப் போலத்தான் பேசுவார். சில்லைக் கையில் எடுத்தால் போதும், வாயில் செத்த ராஜாக்கள் குடியேறிவிடுவார்கள். ஒரு சொல்லும் ஒருவருக்கும் விளங்காது. முன் கம்பைத் தூக்கும் கசா, எழுத்தரின் புருவத்தைப் பார்ப்பார். புருவம் ஏறினால் முன்னால் கால் வைப்பார், இறங்கினால் பின்னால். மற்றவர்கள் கசாவின் காலைப் பார்ப்பார்கள். ஊருக்கே தெரிந்த சங்கதிதான். ஊரே பக்தியோடு வாயை மூடிக்கொண்டிருந்தது.

ஹுன்ரோ நகரவில்லை.

"அதான் சாமி சொல்லிடுச்சே. வழிய விடும்மா" என்றார் ஹோரிமின்.

"நீங்க என்ன கேட்டீங்க, எழுத்தரய்யா? அது தெரியாம சாமி எதுக்கு ஆமாம்னுச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"சாமிக்குப் புரிஞ்சா போதும்."

"போறது என் வீடு. எனக்கும் புரியணும். மீனுக்குப் பேரம் பேசுறமே, அந்தப் பேச்சுல கேளுங்க."

பீர் ஜாடிகள் பக்கம் யாரோ சிரித்தார்கள். ஹோரிமினுக்குச் சுருக்கென்றது.

"சந்தைப் பேச்சையா சாமி முன்னால எடுக்கச் சொல்ற? அதுல ஏதாவது ஒழுங்கு இருக்கா? பழைய பேச்சுல பொருளச் சொல்லிட்டு, யாரோடதுங்கறத வாலு மாதிரி பின்னால ஒட்டுவோம். உங்க பேச்சுல வாயத் தொறந்தாலே 'என்', 'என்'னு முன்னால வந்து நிக்குது."

"ஆமா. பொருள முதல்ல எடுத்துக்கிட்டு, ஆளு யாருன்னு அப்புறம் பாக்குறது உங்க பழக்கம். எங்களுக்கு ஆளு முதல்ல."

இப்போது நிறையப் பேர் சிரித்தார்கள். ஹுன்ரோவுக்குச் சிரிப்பு வரவில்லை. தோற்றால் இன்றைக்குத் தலை சாய்க்க இடமில்லை, சாமியையே மறுத்துப் பேசியவள் என்ற பேர் வேறு. ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. பல்லக்குக்கு நேராகப் போய் நின்றாள்.

"சாமி, நான் ஹுன்ரோ. உன்னத் தூக்கியே தோளு காய்ச்சுப்போன மனுஷனோட மக. என் அறைய எங்கப்பா கட்டினாரு. அதுக்கு மண்ணு மிதிச்சவங்க இதோ உனக்குக் கீழதான் நிக்கிறாங்க, எங்கம்மா சுட்ட ரொட்டியத் தின்னுட்டு மிதிச்சாங்க. அந்த அறைய எழுத்தரோட அக்கா மகனுக்குக் குடுக்கலாமான்னுதான் இவரு கேட்டிருப்பாரு. அதுக்கா நீ ஆமாம்னே? இப்ப நான் கேக்குறேன். என் அறை என்னோடதா, இல்லையா?"

சாமியைத் தூக்குகிறவன் வாய் திறக்கக் கூடாது. கசா திறந்துவிட்டார்.

"அறை உனக்குத்தானேன்னு கேட்டாருன்னுல்ல நெனச்சேன்."

ஹோரிமின் தன் இரண்டு புருவத்தையும் கண்ணை மறைக்கும் அளவுக்கு இறக்கினார். கசா அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

சாமி முன்னால் வந்தது. ஓரடியோடு நிற்கவும் இல்லை. ஹுன்ரோ ஒதுங்கி வழிவிட, ஹோரிமின் பின்வாங்கிப் பின்வாங்கிக் கோயில் சுவரில் முதுகு இடிக்கும்வரை வந்தது.

"முதல்ல ஒண்ணு சொல்லி அப்புறம் ஒண்ணு சொல்லுமா சாமி?" என்றார் அவர், சுவரோடு ஒட்டிக்கொண்டு.

"புரிஞ்சப்புறம் சொல்லியிருக்கு" என்றாள் ஹுன்ரோ. "எழுதுங்க. நான் சொன்னபடியே எழுதுங்க."

அவர் எழுதினார். வாசிக்கச் சொன்னார்கள். மறுபடி வாயில் செத்த ராஜாக்கள். சாமி நகரவில்லை. பல்லக்கின் கம்பு அவர் நெஞ்சுக்கு நேராக நின்றது. வெயில் ஏறியது, தூக்கியவர்கள் முதுகில் வியர்வை ஓடியது, ஆனால் ஒருவரும் தோள் மாற்றவில்லை. கடைசியில் ஹோரிமின் சில்லில் எச்சில் தொட்டு அழித்தார். திரும்ப எழுதி, வீட்டில் வெங்காயம் கேட்கிற அதே குரலில் வாசித்தார்.

"என் அறை. எங்கப்பா கட்டினது. என்ன இங்கேருந்து எவனும் கிளப்ப முடியாது."

கடைசி வாக்கியம் அவள் சாமியிடம் சொன்னதில்லை. அப்பா சொன்னது. அன்றைக்கு ஊராரோடு நின்று ஹோரிமினும் கேட்டிருக்கிறார். ஹுன்ரோவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை அவருக்குக் காட்டக் கூடாதென்று சில்லை வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள்.

சாமி வந்த வழியே திரும்பியது.

சில்லைத் தன் அறைக் கதவுக்கு மேலே ஈரச் சுண்ணாம்பில் பதித்தாள். எழுத்து தெரியாதவள், தலைகீழாகத்தான் பதித்தாள். ஊரில் யாரும் திருத்தவில்லை. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் படித்த ஹோரிமின்தான், ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "அதத் திருப்பி வையேன். தலைகீழா இருக்கு" என்றார்.

"எனக்கு நேராத்தான் இருக்கு" என்றாள் ஹுன்ரோ, வாசலைப் பெருக்கிக்கொண்டே.