திறந்த சிறையும் அடைத்த வாயிலும்

கடலைத் தூர்த்துக் கரையாக்கி, கொக்கு மேய்ந்த சேற்றுநிலத்தின் மீது கோட்டையும் கொத்தளமும் எழுப்பி, இரண்டு மூன்று தலைமுறைக்குள் நாட்டின் தலைமையையே தன்பால் ஈர்த்துக்கொண்ட எடோ நகர், ஆண்டின் முதல் திங்களில், வாடை ஊளையிட்ட ஒரு பிற்பகலில், நீர் காணாத நெற்கதிர்போல் வறண்டு கிடந்தது. கூதிர் கழிந்த நாள்முதல் வானம் ஒரு துளியும் உதிர்க்கவில்லை. கிணறுகள் அடிமணலைக் காட்டின. பலகையும் மூங்கிலும் தாளும் கொண்டு தோளோடு தோள் உரசக் கட்டிய எண்ணிறந்த வீடுகள், ஒரு பொறி விழுந்தால் போதும் என்னுமாறு சந்துதோறும் நெருங்கி நின்றன. புழுதி எழுந்து கதிரவனை மறைத்தமையால் பகலே அந்திபோல் மங்கியது. அவ்வேளையில் வடபால் ஹொங்கோ மேட்டில் ஒரு புத்தப் பள்ளியில் மூண்ட தீ, கட்டறுத்த களிறெனத் தெற்கு நோக்கி இறங்கலாயிற்று.

அது வரும் வழியில், ஓட வலிமையிருந்தும் ஓட இயலாதார் அடைபட்டுக் கிடந்த ஓரிடம் இருந்தது. அதுவே நகரின் பெருஞ்சிறை. அங்கே தடித்த மரக்கம்பிகளின் பின்னே அமர்ந்திருந்தான் கன்ரோக்கு. சுவருக்குச் சுண்ணம் பூசிப் பிழைத்தவன்; முன்கோபமன்றி வேறு குற்றம் அறியாதவன். கள்ளுக்கடைப் பூசலில் ஒரு பெருங்குடி வீரனின் ஏவலாளன் கையை முறித்துவிட்டு, தன்னைத் தொலைதூரத் தீவுக்கு நாடு கடத்தும் தீர்ப்பை எதிர்நோக்கியிருந்தான். முதலில் அவன் நுகர்ந்தது புகை. பின்பு கேட்டது, கூரைமேல் ஆலங்கட்டி விழுவதுபோல் பொறிகள் விழும் ஒலி. அதன்பின் சிறை முழுவதும் ஒரே ஓலமாயிற்று. மரக்கம்பிகளைக் கடித்தவரும் இருந்தனர். கன்ரோக்கு கத்தவில்லை, கூரையிடுக்கில் சிவந்து விரியும் வெளிச்சத்தையே பார்த்திருந்தான்.

அப்பொழுது சிறைத்தலைவர் வந்தார். மேலிடத்தின் ஆணை பெற நேரமில்லை என்பதையும், ஆணையின்றித் திறந்தால் தம் தலைக்கே கேடு என்பதையும் மறைக்காது உரைத்தார். பின்பு, பூட்டுகளைக் களையுமாறு காவலரை ஏவிவிட்டு, விடைபெறும் உறவினர்போல் கைதிகளை நோக்கினார்.

"உங்கள எரிய விட்டுட்டு எனக்குச் சோறு இறங்காது. ஓடுங்க. தீ அடங்கினதும் சிதாயாவுல இருக்கிற புத்தப் பள்ளிக்கு வந்து சேரணும். வந்தவனுக்காக மேலிடத்துல நான் மன்றாடுவேன். வராதவன எந்த மலையில ஒளிஞ்சாலும் விடமாட்டேன்."

கன்ரோக்குவின் பக்கத்தில் நின்ற கிழட்டுச் சூதாடி ஜிம்பெய், அந்த அமளியிலும் பல்லிளித்தான். "ஆயுசு பூரா பந்தயம் கட்டினவன்டா நான். இந்த மாதிரி ஒரு கிறுக்குப் பந்தயத்த எவனும் கட்டிப் பார்த்ததில்ல" என்று முணுமுணுத்தவன், தலைவரை நோக்கிக் கைகூப்பிவிட்டுத் தெருவில் மறைந்தான்.

கன்ரோக்கு அசகுசா வாயிலை நோக்கி ஓடினான். அவ்வாயிலைக் கடந்தால் அகழிப்பாலம். பாலத்துக்கு அப்பால் அவன் மனைவி நுயி வாழும் ஒற்றையறை வீடு. உடுத்தியிருந்த வெளிர்நீலச் சிறையுடை கண்டார் கண்ணுக்குத் தன்னைக் காட்டிக்கொடுக்கும் என்றஞ்சி, வழியில் கிடந்த வைக்கோற்பாய் ஒன்றை எடுத்துப் போர்த்திக்கொண்டான். நகரமே அவ்வழியில் ஓடிற்று. சக்கரம் பூட்டிய உடைமைப் பெட்டிகளைச் சிலர் இழுத்துவர, அவை ஒன்றோடொன்று மோதிச் சந்திகளை அடைத்தன. பின்னே வந்தோர் பெட்டிகள்மேல் ஏறினர். ஏறியோர் மேல் இன்னும் பிறர் ஏறினர். பிடரியில் அனல் படும்போதெல்லாம் கூட்டம் ஓருடல்போல் சிலிர்த்து முன்னே தள்ளிற்று.

வாயிற்கதவு அடைத்திருந்தது.

இரும்புப்பட்டை அறைந்த அப்பெருங்கதவின் முன் கூட்டம் மோதி நின்றது. அழுகுரலும் வசவும் வேண்டுதலும் ஒன்றாய்க் கலந்து எழ, மேல்மாடத்திலிருந்து காவலன் ஒருவன் கையசைத்துக் கத்தினான். சிறையை உடைத்துக்கொண்டு கொலைகாரரும் கொள்ளையரும் வருகின்றனராம். அவரைப் பிடிக்கும்வரை கதவைத் திறவாதிருக்க ஆணையாம். அச்சொல் கன்ரோக்குவின் செவியிலும் பட்டது. கதவு அடைபட்டது தன்னால், தன்னைப் போன்றோரால். தீயைக் காட்டிலும் அச்சொல்லே அவனை மிகுதியும் நடுக்கிற்று.

வாய்மூடியிருந்தால் எவரும் அறியார். வாய் திறந்தாலோ, அச்சத்தால் அறிவிழந்து நிற்கும் இம்மக்கள் தன்னைக் கிழித்தெறிவர். அருகில், தோளில் துணிமூட்டை தொங்கச் சோயாக்கட்டி விற்கும் பெண்ணொருத்தி, "திறந்துவிடுங்க ஐயா, திறந்துவிடுங்க" என்று மெல்லச் சொல்லிக்கொண்டேயிருந்தாள். குரலுயர்த்தக்கூட அவளிடம் மூச்சில்லை. கன்ரோக்கு கவிழ்ந்த பெட்டியொன்றின் மேல் ஏறினான். போர்த்திய பாயை உதறினான்.

"காவக்காரரே, இங்க பாருங்க. நான் சிறையில இருந்தவன்தான். நாங்க உடைச்சுக்கிட்டு வரல. தலைவரே பூட்டத் திறந்து அனுப்பினாரு. உங்கள நம்பி ஊரே நிக்குது, திறங்க."

காவலன் அவன் சொல்லைக் கேட்கவில்லை. உடையை மட்டுமே கண்டான். "அதோ நிக்கிறான் பாரு ஒருத்தன்" என்று மாடத்தினுள் நோக்கிக் கூவினான். கூட்டமோ அவன் கால்களை வாரிக் கீழே தள்ளிற்று. மிதியும் குத்தும் மழையாய்ப் பொழிந்தன. அச்சோயாக்கட்டிக்காரியும் அவன் முகத்தில் காறியுமிழ்ந்தாள். உண்மையை உரைத்து, அவ்வுண்மையாலேயே கதவுக்கு மேலும் ஒரு தாழிட்டுவிட்டோம் என்றறிந்த அக்கணம், அவன் அடியின் வலியையும் மறந்தான்.

அடிப்பதற்கும் நேரமில்லாது போயிற்று. பின்னிருந்த தெரு தீப்பற்றியது. கூட்டம் மதிலை நோக்கித் திரும்பி, மனிதர்மேல் மனிதர் ஏறி, மதிலுச்சியிலிருந்து அகழிக்குள் குதிக்கலாயிற்று. கீழே கல்லும் குளிர்நீரும். சிறிது பொழுதில் நீரே தெரியாதவாறு உடல்கள். கன்ரோக்கு எவ்வாறு மதிலேறினான் என்பதை அவன் பின்னொருநாளும் நினைவுகூர இயலவில்லை. தன் சிறையுடையின் பின்புறத்தை ஒரு கை இறுகப் பற்றியிருந்ததையே அறிவான். திரும்பினான்; உமிழ்ந்த அதே பெண். மூட்டையை எங்கோ இழந்திருந்தாள்.

"விட்டுடாதப்பா" என்றாள்.

அவன் விடவில்லை. இருவரும் விழுந்தனர், விழுந்த இடம் மென்மையாயிருந்தது, எதன்மேல் விழுந்தோம் என்று இருவரும் பார்க்கத் துணியவில்லை. மறுகரையேறியதும் அவள் மண்ணில் தலை படிய அவனை வணங்கி, இருளும் புகையும் சூழ்ந்த தெருவில் நடந்து போனாள்.

மறுநாளும் நகர் எரிந்தது. கோட்டையின் உயர்மாடமும் எரிந்து வீழ்ந்தது. அதற்கடுத்த காலையில், சுமிதா ஆற்றங்கரையில், கஞ்சி ஊற்றுமிடத்தில் நின்ற வரிசையில் கன்ரோக்கு நுயியைக் கண்டான். முகமெல்லாம் கரி, புருவம் கருகியிருந்தது. அவள் அழவில்லை, அவன் கையைத் தொட்டுப் பார்த்து, உயிருள்ள கைதானா என்று மீண்டும் தொட்டாள். பின்பு, கையிலிருந்த கஞ்சியை அவனுக்கு ஊட்டியவாறே, தன் பிறந்தகம் இருக்கும் சிமோசா நாட்டுக்கு இன்றே படகேறிவிடலாம் என்றும், எரிந்த ஊரில் யார் எவரைத் தேடப் போகின்றனர் என்றும் காதோடு காதாய்ச் சொன்னாள்.

கன்ரோக்கு சிதாயாவின் பெயரைச் சொன்னான்.

"என்னங்க பேசறீங்க? வாசல்ல செத்ததெல்லாம் உங்களாலன்னு ஊரே பேசுது. போனா தலைய வெட்டுவாங்க."

"வெட்டுவாங்கன்னுதான் எனக்கும் தோணுது."

"அப்புறம் ஏன் போறீங்க?"

"நான் போகலன்னா, அந்தக் காவக்காரன் சொன்னது உண்மையாயிடும், நுயி. கதவ அடைச்சது சரின்னு ஆயிடும்."

அவள் கஞ்சிக் கலயத்தைக் கீழே வைத்தாள். அவன் கிழிந்த சிறையுடையின் தோள்பட்டையைத் தன் கைத்துணியால் இறுக முடிந்துவிட்டு, தானும் உடன் நடந்தாள்.

சிதாயாவுக்குச் சென்ற வழியெங்கும் பனி பொழியத் தொடங்கிற்று. கரியின்மேல் வெண்பனி படிய, நகர் நீறு பூத்த பிணம்போல் கிடந்தது. பள்ளிவாயிலை நெருங்க நெருங்கக் கன்ரோக்கு நடையைத் தளர்த்தினான். முற்றத்தில் ஆளிரார், அல்லது வாளேந்திய காவலரே இருப்பர் என்று எண்ணியிருந்தான். ஆனால் முற்றம் முழுவதும் வெளிர்நீலம். நொண்டியும், கைக்கட்டோடும், குளிரில் ஒருவரையொருவர் அணைத்தும் அமர்ந்திருந்தனர். ஜிம்பெய் இல்லை; அசகுசா மதிலோரம் அவன் வீழ்ந்ததைக் கண்டதாக ஒருவன் கூறினான். சிறைத்தலைவர் படியில் அமர்ந்து, வருவோர் ஒவ்வொருவரையும் எழுந்து நின்று வரவேற்றார். கன்ரோக்கு வந்தபோதும் எழுந்தார்.

அவர் மன்றாட்டு வீண்போகவில்லை. திரும்பி வந்தோர்க்கு உயிர் அருளப்பட்டது. கன்ரோக்கு தீவுக்குச் செல்லாது வீடு சேர்ந்தான். எனினும் வாழ்நாள் முழுவதும் அடைத்த கதவு எதன்முன்னும் அவனால் நிற்க முடியவில்லை. தன் வீட்டுக் கதவையும் குளிர்காலத்தில் ஒருக்களித்தே வைத்திருந்தான். நுயி போர்வையை இழுத்துக்கொண்டு அதைப் பொறுத்திருந்தாள்.

அகழியில் மாண்டோரையும் தீயில் வெந்தோரையும் பெயர் தெரியாமையால் ஆற்றின் கீழ்க்கரையில் ஒரே குழியில் இட்டு, மேலே மேடு எழுப்பினர். பின்வந்த நூற்றாண்டுகளில் அந்நகர் மேலும் பலமுறை எரிந்தது; நிலம் குலுங்கிச் சரிந்தது; வானிலிருந்து வீழ்ந்த நெருப்பிலும் வெந்தது; ஒவ்வொரு முறையும் சாம்பலைத் துடைத்தெழுந்து மேலும் பெரிதாய் வளர்ந்தது. தீயின் சினத்தை மக்கள் நாளடைவில் பொறுத்தனர். அது காற்றின் ஏவலால் வந்தது. ஆனால் அண்டை மனிதனை அஞ்சி மனிதன் அடைத்த அக்கதவை எந்த மழை கழுவும்? அம்மேட்டின் புல் இன்றும் வாடையில் ஒரே திசையாய்ச் சாய்கிறது. வாயிலொன்றை நோக்கிக் கூட்டம் சாய்வதுபோல்.