றவூப் ஹாஜியார் பார்க்காத அரண்மனை

கனகரத்தினம் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தபோது, றவூப் ஹாஜியார் வியன்னா அரண்மனையின் மூன்றாவது மண்டபத்தில் நின்றுகொண்டிருந்தார். அதாவது, பேச்சில். உடம்பு பதுளை வர்த்தகர் சங்க மேடையில்தான் இருந்தது.

"சுவரெல்லாம் தங்கம்! நானும் நம்ம கனகரத்தினம் ஐயாவும் வாயடைச்சுப் போனோம்" என்று சொல்லித் தலையை நிமிர்த்தியவருக்கு, வாய் உண்மையிலேயே அடைத்துப்போனது. கனகரத்தினம் யாழ்ப்பாணத்துக்கு, நல்லூர்த் திருவிழாவுக்குப் போன மனிதர். தேர் முடியாமல் திரும்பமாட்டார் என்று நம்பித்தான் ஹாஜியார் கூட்டத்துக்கு இந்த நாளைப் பிடித்திருந்தார்.

பேச்சு முடிந்ததும் சங்கத்துக்குப் புதிய தலைவரைத் தெரிவு செய்யவேண்டும். இத்தனை காலம் சாரமும் சட்டைத்துணியும் விற்ற றவூபை அந்தக் கதிரையில் எவரும் கற்பனை செய்ததில்லை. வியன்னா போய்வந்த பிறகு செய்தார்கள். பின்னால் தொங்கிய பதாகையில் 'ஐரோப்பா கண்ட ஆளுமை' என்றிருந்தது. அதில் ஆளுமையின் படம் பெரிது. ஐரோப்பா ஒரு மூலையில் இருந்தது.

ஐரோப்பா கண்டது பொய்யில்லை. சூரிச்சில் கனகரத்தினத்தின் தங்கை மகளுக்குக் கல்யாணம். சிநேகிதத்துக்காக இவரும் போனார். கல்யாணம் முடிந்த கையோடு, இருப்பதிலேயே மலிவான பஸ்ஸைப் பிடித்து, ஒரு சனி ஞாயிறு இருவரும் வியன்னா பார்க்கக் கிளம்பினார்கள். ஒரே அறைக்குள் ஊரே குறட்டைவிடும் விடுதி. சாப்பாட்டுக்குப் பாணும், றவூபின் மனைவி மர்லியா வீட்டிலிருந்து கட்டிக்கொடுத்த மாசிச் சம்பலும். ஊர் சுற்ற ட்ராம்.

ஏறினார்கள், உட்கார்ந்தார்கள். பதுளை பஸ்ஸில் வாழ்நாளெல்லாம் செய்வதுபோல், காசை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் வைத்துக்கொண்டு கொண்டக்டருக்காகக் காத்திருந்தார்கள். கொண்டக்டர் வரவில்லை. சனிக்கிழமை முழுக்க வரவில்லை. "விருந்தாளிக்கு இங்க சும்மா போல" என்று றவூப் தீர்ப்புச் சொன்னார். ஞாயிறு காலை, அரண்மனைக்கு முந்திய தரிப்பில், பரிசோதகர்கள் வந்தார்கள். சீட்டு வாங்கிக்கொண்டுதான் ஏறவேண்டுமாம். றவூப் சிரித்தபடி மடித்த காசை நீட்டினார். அதை அவர்கள் லஞ்சம் என்று எடுத்துக்கொண்டதில் விஷயம் முற்றியது. ஓர் அலுவலகத்தில் உட்காரவைத்தார்கள். தண்டம் கட்டி வெளியே வந்தபோது திரும்பும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அரண்மனை அந்த அலுவலகச் சுவரில், ஒரு கலண்டரில் தொங்கியது. வேறு வேலை இல்லாததால் றவூப் அதை வெகுநேரம் பார்த்தார்.

இப்போது கனகரத்தினம் அவரைப் பார்த்தார். காணிக் கந்தோரில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். அடுத்தவர் வீட்டுக் கல்யாணக் கார்டில்கூடப் பிழை திருத்துவார். கேட்ட கேள்விக்கு மட்டுமல்ல, கேட்காத கேள்விக்கும் உண்மை சொல்வார்.

ஹாஜியார் நான்காவது மண்டபத்தை ஓட்டமாகக் கடந்தார். கோட்டுக்குள் வியர்வை முதுகில் ஆறாக இறங்கியது. "நேரமும் போயிட்டு… இன்ஷா அல்லாஹ், மிச்சத்தை இன்னொரு நாள்…"

"ராணி படுக்கையறையச் சொல்லாம விட்டுட்டீங்களே!" என்று கத்தினாள் தனலெட்சுமி. பஸ் நிலையத்துச் சாப்பாட்டுக் கடைக்காரி. "அன்னைக்கி எங்க கடையில சொன்னீங்கல்ல?"

"கூடப் போனவரே இங்க இருக்காரே!" என்று ஒலிவாங்கியைப் பறித்தார் செயலாளர் ஜெஸீம். "கனகரத்தினம் ஐயா, ரெண்டு வார்த்தை!"

"வேணாம், வேணாம், ஐயா பயணக் களைப்பு!" என்றார் றவூப்.

"எனக்கொரு களைப்பும் இல்லை" என்று எழுந்தார் கனகரத்தினம்.

அவர் மேடையேறி, கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொள்வதற்குள் ஹாஜியார் மனசுக்குள் கடையை விற்று மொனராகலைக்குக் குடிபோய்விட்டார்.

"றவூப் சொன்னதில ஒரு பிழை இருக்கு" என்று தொடங்கினார் கனகரத்தினம்.

ஜெஸீம் ஒலிவாங்கியை அவர் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"சுவர் முழுக்கத் தங்கமில்லை. கீழ்ப்பாதி பளிங்கு. தங்கம் மேலதான். மற்றதெல்லாம் சரி." றவூபைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார். "இன்னொண்டும் சொல்லவேணும். அந்த ஊர் ட்ராம், ரயில், எல்லாம் இவருக்குத் தண்ணி பட்ட பாடு. நான் இவற்ர பின்னால போனதுதான். நூறு பேரைக் குடுத்தாலும் பத்திரமாக் கூட்டிக்கொண்டு போய் வருவார்."

கைதட்டலில் தகரக் கூரை அதிர்ந்தது. ஜெஸீம் அதே சூட்டில் றவூபின் பெயரை முன்மொழிந்தார், எதிர்ப்பில்லை. அடுத்த மூச்சில், வருகிற வருஷம் சங்கத்து ஆட்கள் எல்லாரும் குடும்பத்தோடு வியன்னா, புதிய தலைவரே வழிகாட்டி என்றார். அதற்கும் எதிர்ப்பில்லை.

கழுத்தில் மாலையோடு றவூப் சிநேகிதரை ஓரமாய் இழுத்தார். "ஐயா, என்ன வேலை செஞ்சீங்க?"

"வாழ்க்கையில நான் சொன்ன முதல் பொய் இது" என்றார் கனகரத்தினம். "பழக்கமில்லை, அளவு தெரியேல்ல. கொஞ்சம் கூடிப்போச்சு."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு தனலெட்சுமி வந்தாள்.

"ஹாஜியார், எங்க அம்மா பேரையும் போட்டுக்குங்க. பசறையில, தேயிலத் தோட்டத்துலதான் இருக்காங்க. நாம கிள்ளுன கொழுந்து எங்கதான் போவுதுன்னு ஒருக்காப் பாத்துடணும்னு ஓயாம சொல்லும். இப்ப நடக்க முடியாதுங்க. சக்கர நாற்காலி அந்த அரண்மனைக்குள்ள போகுங்களா?"

றவூப் கனகரத்தினத்தைத் திரும்பிப் பார்த்தார். அவர் கதிரைகளுக்கு அடியில் குனிந்து குடையைத் தேடிக்கொண்டிருந்தார்.

"போகும்" என்றார் தலைவர். "தாராளமாப் போகும்."