சரளா போட்ட தேதி

சரளாவின் கட்டைவிரல் கைப்பேசித் திரைக்கு மேலே அப்படியே நின்றுவிட்டது. அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. செயலியில் சேமிப்புப் பெட்டியைத் திறந்தாயிற்று, மாதாமாதம் எவ்வளவு போடுவது என்று சொல்லியும் ஆயிற்று. எதற்காகச் சேமிக்கிறீர்கள் என்று செயலி கேட்டு வீடு, கார், மோதிரம், பட்டமளிப்புத் தொப்பி, விமானம் என்று படம் காட்டியபோது, அவள் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு விமானத்தைத் தொட்டாள். இப்போது கடைசிக் கேள்வி வந்திருந்தது. பணம் எந்தத் தேதியில் வேண்டும்?

எதிரே உட்கார்ந்திருந்த தினேஸ்வரிதான் அந்தப் பெட்டியை வடிவமைத்தவள். வங்கி ஒன்றுக்குச் செயலி செய்து கொடுக்கும் சின்ன நிறுவனத்தில், மலேசியாவின் ஈப்போ நகரில், அவளுக்கு வேலை. பெட்டியில் போட்ட பணத்தைக் குறித்த தேதி வரை யாரும் தொட முடியாது. போட்டவரே கெஞ்சினாலும் திறக்காது. வங்கியே வேறு பாக்கிக்காகக் கைவைக்க நினைத்தாலும் முடியாது. அதில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை. ஆனால் ஈப்போவில் அலுவலகப் பிள்ளைகளிடம் காட்டினால் கண்ணை மூடிக்கொண்டு தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். சுங்காய் பக்கம் போய் நிஜமான மனிதர்களிடம் சோதித்துப் பார் என்று மேலாளர் பவித்ரன் அனுப்பியிருந்தார். பழைய ரப்பர்த் தோட்டத்து ஜனங்கள் குடியேறிய தாமான், வரிசை வீட்டுக் குடியிருப்பு, அது. கோயில் மண்டபத்தில், கிறீச்சிடும் மின்விசிறிக்குக் கீழே, ஒவ்வொருவராக உட்காரவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தச் சோதனைக்கு ஒரு விதி உண்டு. பார்க்கலாம், கேட்கலாம், சொல்லித்தரக் கூடாது. சொல்லித்தந்துவிட்டால் குறை செயலியில் இருக்கிறதா ஆளிடம் இருக்கிறதா என்று தெரியாமல் போய்விடும். தினேஸ்வரி இந்த விஷயத்தில் ரொம்பக் கறார். அதனால் பொதுவாகத்தான் பேச்சுக் கொடுத்தாள்.

“எந்த ஊருக்குப் போறீங்க அக்கா?”

“ஊருக்கெல்லாம் இல்லலா. என் சாவுக்கு. அதுக்கு இதுல படம் இல்ல. அதான் ஏரோப்ளேனத் தொட்டேன்.”

கத்தரிக்காய் விலை சொல்வதுபோலச் சொன்னாள். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. டவுனில் ஓர் உணவகத்தில் உட்கார்ந்தபடி காய் நறுக்கும் வேலை. இதயம் பலவீனமாகிவிட்டது, இந்த வருடத்தைத் தாண்டினால் பெரிய விஷயம் என்று ஈப்போ ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். சாவதைப் பற்றி அவளுக்குப் பெரிய கவலை இருப்பதாகத் தெரியவில்லை. சுடுகாட்டுக்கு எடுத்துப்போவதைப் பற்றித்தான் கவலை. தோட்டத்தில் இருந்தவரை எல்லார் சம்பளத்திலும் மரண சகாய நிதிக்கென்று கொஞ்சம் பிடிப்பார்கள். யார் வீட்டில் துக்கம் விழுந்தாலும் பெட்டியும் வண்டியும் மேளமும் தானாக வந்து நிற்கும், வீட்டுக்காரர்கள் அழுதால் மட்டும் போதும். தோட்டம் கைமாறி, குடியிருந்த லயங்களை இடித்துச் செம்பனை நட்டதும், ஆளுக்கொரு பக்கம் சிதறிப்போனார்கள். நிதியும் போயிற்று. அவள் புருஷன் செத்துப்போனது இந்தத் தாமானுக்கு வந்த பிறகு. வண்டிக்காரன் முதலில் காசு என்று சொல்லி, இன்ஜினை நிறுத்திவிட்டு நிழல் பார்த்து உட்கார்ந்துகொண்டான். நடு வீட்டில் பிணம் கிடக்க, மகன் கோகிலன் மைலோ டின்னைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகக் காசு கேட்டுப் போனான்.

“அந்த டின்னு சத்தம் இன்னும் காதுலயே இருக்கும்மா. எனக்காக அவன் மறுபடியும் அதத் தூக்கக் கூடாது.”

வீட்டில் வைத்தால் பணம் தங்குவதில்லை. மருந்துக்குப் போகிறது, அரிசிக்குப் போகிறது. இந்தப் பெட்டி என்றால் தானே நினைத்தாலும் எடுக்க முடியாதாமே என்று கேள்விப்பட்டு வந்தாளாம். அன்றைக்கு மண்டபத்துக்கு வந்தவர்களில் நிஜமான ஆசையோடு வந்தவள் அவள் ஒருத்திதான்.

“எந்தத் தேதி போடணும்னு சொல்லும்மா” என்றாள்.

தினேஸ்வரியின் வாய், பழகிய பாடத்தை ஒப்பித்தது.

“நீங்க என்ன நெனைக்கிறீங்களோ அதையே போடுங்க அக்கா.”

சரளா வெகுநேரம் யோசித்தாள். பிறகு தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் ஒரு நாளைத் தொட்டாள். பண்டிகை நேரத்தில் யாருக்கும் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று சொல்லிச் சிரித்தாள். பெட்டி திறந்ததும் எடுத்துக்கொள்ள மகனிடம் ரகசிய எண்ணைச் சொல்லிவைக்கப்போவதாகவும் சொன்னாள். அந்தத் தேதி வந்ததும் பணம் தானாகச் சாதாரணக் கணக்குக்கு வந்துவிடும், அங்கே வந்தபின் அதற்குக் காவல் கிடையாது என்று சொல்ல தினேஸ்வரிக்கு நாக்கு நுனிவரை வந்தது. விதி என்று விழுங்கிவிட்டாள். தேதிக் கேள்வியில் தயங்கினார், பின்னர் தாமாகவே முடித்தார் என்று குறிப்பு எழுதினாள்.

ஈப்போ திரும்பியதும் பவித்ரனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். தேதியே இல்லாத பெட்டி ஒன்று வைக்க முடியாதா என்று கேட்டாள். பவித்ரன் கெட்டவர் இல்லை. முழுசாகக் கேட்டார், வங்கிக்காரர்களின் கூட்டத்திலும் எடுத்துச் சொன்னார். தேதி இல்லாமல் பணத்தைப் பூட்டச் சட்டம் விடாது என்றார்கள். யாரோ சங்கடமாகச் சிரித்தார்கள், அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். பெட்டி அப்படியே வெளியானது. சரளா ஒரு மாதமும் தவறாமல் பணம் போட்டாள். உங்கள் பயணம் நெருங்குகிறது என்று செயலி அவளுக்கு மாதாமாதம் வாழ்த்து அனுப்பியது. அந்த வரியை எழுதியதும் தினேஸ்வரிதான்.

தீபாவளி நெருங்கியது. குறித்த தேதியும் வந்தது. இலக்கை எட்டிய முதல் வாடிக்கையாளர் என்று சுங்காய்க் கணக்கு ஒன்றை அலுவலகத் திரையில் போட்டுக் காட்டி, கேக் வெட்டினார்கள். யாருடைய கணக்கு என்று தினேஸ்வரிக்குத் தெரியும். அவளும் ஒரு துண்டு தின்றாள். மத்தியானம் சரளாவிடமிருந்து போன் வந்தது.

“தேதியத் தப்பாப் போட்டுட்டேன்ம்மா. நான் இன்னும் இருக்கேன்.”

மன்னிப்புக் கேட்கும் குரல். விடியற்காலையில் பெட்டி திறந்து பணம் கணக்குக்கு வந்திருக்கிறது. ஊர் விழிப்பதற்குள் வங்கி அதை எடுத்துக்கொண்டது. கையுறைத் தொழிற்சாலையில் கோகிலனுக்கு வேலை போனதிலிருந்து அதே வங்கியில் அவன் வாங்கிய மோட்டார் சைக்கிள் கடன் நிலுவையில் கிடந்தது, அதற்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவள் சரளா. எல்லாம் முறைப்படிதான் நடந்திருந்தது. தினேஸ்வரி வங்கியில் யார் யாரிடமோ பேசிப் பார்த்தாள். எல்லாரும் மரியாதையாகவே பதில் சொன்னார்கள். திட்டுவதற்குக்கூட ஓர் ஆள் கிடைக்கவில்லை.

சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு சுங்காய்க்குப் போனாள். சரளாவின் கால்கள் வீங்கியிருந்தன. வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள், “பசியாறிட்டியாம்மா?” என்று கேட்டுக் காப்பி கலக்க எழுந்தாள், எழ முடியாமல் உட்கார்ந்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தினேஸ்வரிக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சரளாவோ கைப்பேசியை எடுத்து அவள் மடியில் வைத்தாள். திரையில் விமானத்தைச் சுற்றி வண்ணக் காகிதத் துண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. புதிய பயணம் தொடங்கலாமா என்று கேள்வி.

“நீ வரட்டும்னுதான் வச்சிருந்தேன். இந்தத் தடவ நீயே சொல்லு. எந்தத் தேதி போடட்டும்?”

இன்று விதி இல்லை, குறிப்பேடு இல்லை. கிட்டத்தில் போட்டால், மிச்சமிருக்கும் கடனுக்கு வங்கி மறுபடியும் காத்திருக்கிறது. தள்ளிப் போட்டால், சரளா முந்திக்கொள்வாள், பணம் பூட்டிக் கிடக்க கோகிலன் டின்னைத் தூக்குவான். இரண்டுக்கும் நடுவில் சரியான ஒரு நாளை இந்த அக்காவின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? தினேஸ்வரி கைப்பேசியைக் கையில் எடுத்தாள், மறுபடியும் மடியிலேயே வைத்தாள்.

சரளா அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு கைப்பேசியை வாங்கித் தானே மாதங்களைத் தள்ள ஆரம்பித்தாள். கார்த்திகை போனது, பொங்கல் போனது, தைப்பூசம் போனது. சித்திரைக்குப் பக்கத்தில் விரல் தயங்கி நின்றது. பிறகு மெதுவாக, ஒவ்வொரு மாதமாக, இன்றைய நாளை நோக்கிப் பின்னால் வரத் தொடங்கியது.