ஐந்து கட்டக் குறுக்கெழுத்து

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். குறுக்கெழுத்துப் புதிர் ஒன்று கட்டிப் பார்க்க முதலில் நானேதான் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் கை ஓய்ந்தது. அந்தப் பாரத்தைத் தூக்கி ஒரு குமாஸ்தாவின் தலையில் வைத்துவிட்டேன். கதை எழுதுவதில் மிஞ்சியிருக்கும் வசதி இது ஒன்றுதான்.

2

தொடக்கம் ஒன்று: மொழியின் மகத்தான கோட்டையைக் கட்டங்களால் எழுப்பத் துணிந்த அம்மாமனிதர்

(வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.)

தொடக்கம் இரண்டு: அந்தக் குமாஸ்தா அலுவலகச் செய்திமடலுக்குக் கௌரவ ஆசிரியர். மடல் நாலு பக்கம். மூன்றில் மேலாளர் படம். மிச்சப் பக்கத்துக்குப் புதிர். ஒன்பதுக்கு ஒன்பது கட்டம் போட்டார். சொற்கள் பங்காளிகள்போல ஒட்டாமல் நின்றன. ஐந்துக்கு ஐந்தும் முரண்டு பிடித்தது. கடைசியில் மூன்றுக்கு மூன்று. அதிலும் நாலைக் கறுப்பாக்கிவிட்டார். மிஞ்சியது ஐந்து கட்டம். கீழ் மூலையில் சந்திக்கும் இரண்டே சொற்கள்.

இடமிருந்து வலம்: எழுதுகிறவர் வீட்டில் நிறைந்திருப்பது (3).
மேலிருந்து கீழ்: அவர் மனைவிக்கு வாய்த்தது (3).

விடைகள்: புலமை, பெருமை. (ஆமாம், தன்னைத்தான் சொல்கிறார். அவருக்கே கூச்சமில்லை, எனக்கென்ன வந்தது?)

3

மனைவி நர்ஸ். வேறு ஊர் ஆஸ்பத்திரியில் ஓர் இடம் காலி. போகிறாளா இல்லையா என்று நாளைக்குள் சொல்ல வேண்டும். கணவரிடம் மூன்று முறை கேட்டாயிற்று. மூன்று முறையும் அவர் கட்டம் போட்டுக்கொண்டிருந்தார்.

இன்று வேலை முடிந்து வந்ததும் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"முதல்ல இதைப் போடு பார்ப்போம். சாதாரண மூளைக்கு எட்டாது."

"குடுங்க. எட்டலேன்னா எக்கிக்கிறேன்."

செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வார்டில் எழுதும் பேனாவாலேயே நின்றபடி நிரப்பிக் கொடுத்தாள்.

கொடுமை. தனிமை.

அவர் எண்ணிப் பார்த்தார். மூன்று. மூன்று. மூலையில் 'மை' கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

"தப்பு."

"எங்க தப்பு? காட்டுங்க."

காட்ட முடியவில்லை. (புதிதாகப் புதிர் கட்டுகிறவர்களுக்கு வரும் வியாதி இது. விடையைக் கையில் வைத்துக்கொண்டு குறிப்பு எழுதுவதால், அதே குறிப்புக்கு வேறு விடையும் இருக்கலாம் என்று தோன்றுவதே இல்லை.)

4

முடிவு அ: அவர் கண் கலங்கி, "என்னை விட்டுப் போயிடாதம்மா" என்று (மாட்டார். இவ்வளவு பக்கம் கூடவே இருக்கிறேன், எனக்குத் தெரியாதா?)

முடிவு ஆ: அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று (எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தவள். முதலில் உட்காரட்டும்.)

உட்கார்ந்தாள். அவர் ரப்பரை எடுத்துத் தேய்த்தார். பேனா எழுத்து, காகிதம்தான் கிழிந்தது.

"என்னங்க, நான் போகட்டுமா?" நாலாவது முறை.

அவர் நிமிர்ந்தார். வாயைத் திறந்தார். அங்கேதான் நிறுத்தி வைத்திருக்கிறேன். நான் வசனம் கொடுத்தால் அதிலும் புலமைதான் நாறும். உங்கள் வீட்டிலும் யாராவது ஒன்றையே நாலாவது முறையாகக் கேட்டுக்கொண்டு இருப்பார்கள். போய் அவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டு வாருங்கள். அதையே இவர் வாயிலும் வைத்துவிடலாம்.