பாட்டுக்காரிக்கு விக்கல்

பல் மருத்துவமனை வரவேற்பறையில் நாள் முழுக்க "உட்காருங்க, கூப்பிடுவாங்க" என்று சொல்லிச் சொல்லித் தேய்ந்த தொண்டை அவளுடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதே தொண்டை பாடும். அண்ணன் டிரம்ஸ், அண்ணி கீபோர்டு. சின்னக் கூடங்களில் கண்ணை இறுக மூடிப் பாடிவிட்டு ஓடிவந்துவிடுவாள். முகங்களைப் பார்த்தால் வரி மறந்துபோகும்.

அன்று பிற்பகல் கிடைத்ததோ மாடி வைத்த பெரிய அரங்கம். கைபேசிகளில் சுற்றிக்கொண்டிருந்த அவர்களுடைய சொந்தப் பாட்டுக்காகவே அத்தனை கூட்டம். எள் போட்டால் எள் விழாது. பயத்தில் ஒரு பாட்டில் தண்ணீரை மடக்மடக்கென்று குடித்துவிட்டு மேடையேறினாள்.

"சாவியைத் தொலைச்சுட்டு வாச... ஹிக்!"

அந்த விக்கலை ஸ்பீக்கர் மாடிவரை கொண்டுபோய்ச் சேர்த்தது. முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மறுபடி தொடங்கினாள். அதே இடத்தில் மறுபடியும் ஹிக். அண்ணியின் விரல்கள் கட்டைமேல் அப்படியே நின்றன. பூமி பிளந்து விழுங்கிவிடாதா என்றிருந்தது அவளுக்கு.

மாடியிலிருந்து ஒரு பெண் கத்தினாள்: "கவலப்படாதம்மா, யாரோ உன்னை நினைக்கிறாங்க!"

அவள் கண் தானாகத் திறந்தது. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே மைக்கில் கேட்டுவிட்டாள்: "யாருங்க... ஹிக்... அது?"

"நாங்கதான்!"

கீழும் மேலும் ஒரே குரல். கூரை அதிர்ந்தது. அவள் குபீரென்று சிரித்துவிட்டாள்.

"விடாத, பாடு!" என்றான் அண்ணன்.

பாடினாள். விக்கல் வந்து வரி அறுந்த இடத்திலெல்லாம் கூட்டம் பாய்ந்து மிச்சத்தைப் பாடியது. ஒவ்வொரு விக்கலுக்கும் அண்ணன் குச்சியால் ஒரு தட்டுத் தட்டினான். மூன்றாம் வரிசையில் ஒரு வழுக்கைத்தலைக்காரர் எழுந்து, சுருட்டிய பேப்பரை ஆட்டித் தாளம் போட்டார். ஒரு தாய் மடியிலிருந்த குழந்தையின் கையைப் பிடித்துத் தட்டவைத்தாள். அத்தனை முகங்களும் அவள் வாயையே பார்த்திருந்தன. அவளும் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துப் பாடினாள். ஒரு சொல்கூட மறக்கவில்லை.

இரண்டாம் சரணத்தில், சொல்லின் விளிம்பில் வந்து நிறுத்தினாள். அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. அவள் தலையசைத்ததும் வெள்ளம்போல் வந்து விழுந்தது மிச்ச வரி. உடம்பெல்லாம் சிலிர்த்தது அவளுக்கு.

அண்ணி எட்டிக் காதில் சொன்னாள்: "விக்கல் நின்னு எவ்வளவு நேரமாச்சு! ஏமாத்துறியாடி, கள்ளி?"

"சும்மா இருங்க அண்ணி, அவங்களுக்குக் கேட்டுடப் போகுது!"

அந்தப் பாட்டை மட்டும் மூன்று முறை பாடவைத்துத்தான் இறங்க விட்டார்கள்.

பக்கவாசல் வழியாக வெளியே வந்தால், பஸ் நிறுத்தத்திலும் அதே பாட்டு. பை மாட்டியவர்கள், குடை பிடித்தவர்கள் எல்லாரும் "ஹிக்" உட்படப் பாடிக்கொண்டிருந்தார்கள். அவள் துப்பட்டாவால் முகம் மறைய முக்காடிட்டுக்கொண்டு வரிசையின் கடைசியில் நின்று சேர்ந்துகொண்டாள்.

முன்னால் நின்ற அம்மாள் திரும்பி, "நீயும் உள்ளதான் இருந்தியாம்மா?" என்றாள்.

"ஆமாங்க, இருந்தேன்."

"அப்ப சத்தமாப் பாடேன்!"