இரண்டு நிமிட மைக்

நகராட்சிக் கூட்ட அரங்கில் ஸ்பீக்கர் பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. தரை அங்கே மேடும் பள்ளமும். இத்தனைக்கும் மூன்று முறை புதுப்பித்து, மூன்று முறை ரிப்பன் வெட்டிய தரை அது. முட்டுக்கொடுக்க ஏதாவது வேண்டும் என்று மைக்கண்ணன் கேட்டதும், பியூன் மேடைக்கு அடியில் கையை விட்டுப் பழுப்புக் காகிதம் சுற்றிய கட்டு ஒன்றை இழுத்து வந்து போட்டார். ஒரு மூலையில் காகிதம் கிழிந்திருந்தது. உள்ளே அச்சு மை வாசனை போகாத புத்தகங்கள். 'நம் நகரம், நம் கனவு. அடுத்த ஐந்தாண்டு முன்னுரிமைகள். மக்களிடம் கேட்டுத் தயாரித்தது.' அட்டையில் தலைவர் கையசைத்துச் சிரித்தார்.

"இன்னும் மக்கள்கிட்ட கேக்கவே இல்லையே! கூட்டமே இனிமேத்தானே?" என்றான் மைக்கண்ணன்.

"கேட்டுட்டு அச்சடிச்சா எப்ப அச்சடிக்கிறது? உனக்கு முட்டு ஆச்சா, இல்லையா?"

ஆயிற்று. பெட்டி ஆடாமல் நின்றது. தலைவரின் சிரிப்புக்கு மேல் முப்பது கிலோ ஸ்பீக்கர் உட்கார்ந்ததில் அவனுக்கு ஒரு அற்ப சந்தோஷம். அதுவும் ஒரு நிமிஷம்தான் இருந்தது.

புத்தகத்தில் மொத்தம் இருபத்திரண்டு முன்னுரிமைகள். முதலாவது நகர எல்லையில் வரவேற்பு வளைவு. இரண்டாவது அந்த வளைவுக்கு வண்ண விளக்கு. மூன்றாவது எதிரே ஒரு நீரூற்று. நகரத்தில் பாதித் தெருவுக்கு நல்ல தண்ணீர் வரவில்லை, வளைவுக்கு எதிரே மட்டும் தண்ணீர் ஆடவேண்டும், பாடவேண்டும். கடைசி இரண்டு பக்கங்களை மட்டும் வெறுமையாக விட்டிருந்தார்கள். அது மேலிடத்து விதி. கருத்துக் கேட்புக் கூட்டத்தில் பொதுமக்கள் மைக்கில் கேட்டதை எழுதிப் படித்து, மேலிடத்து அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டால், அது அந்தப் பக்கங்களில் ஏறியே தீரும். ஒரு வருஷத்துக்குள் வேலையும் தொடங்கியாகவேண்டும். அரங்கில் வேறு கூட்டங்கள் நடந்துகொண்டே இருக்கும், இந்தக் கூட்டம் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறைதான். அன்றைக்கு ஏறாதது அடுத்த ஐந்து வருஷத்துக்கு ஏறாது.

தலைவருக்கு அந்த இரண்டு பக்கங்களும் தொண்டையில் மாட்டிய முள். அதிகாரி முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது, பேசியதைப் பேசவில்லை என்று எழுத முடியாது. ஆனால் பேசியது யாருக்குமே கேட்கவில்லை என்றால் யார் என்ன செய்ய முடியும்? அந்த முள்ளை எடுக்கத்தான் மைக்கண்ணன் இருந்தான்.

பதினைந்து வருஷமாக இந்த அரங்கில் அவன்தான் மைக். தலைவர் மாறினாலும் அவன் மாறவில்லை. தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையால் துடைத்தால், பேசுகிறவரின் மைக் 'ரிப்பேர்' ஆகவேண்டும். அவ்வளவுதான் சைகை. இந்தத் தலைவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே போன தலைவர்தான். ஒருவரையொருவர் மேடை மேடையாக நாறடித்துக்கொண்ட ஆட்கள், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அண்ணன் தம்பி.

வேலையும் பெரிதில்லை. மிக்சர் பெட்டியில் ஒவ்வொரு மைக்குக்கும் மேலும் கீழுமாக நகரும் ஒரு குமிழ் உண்டு. அதைக் கீழே இழுத்தால் அரங்கில் சத்தம் நின்றுவிடும். அவன் தலையில் மாட்டியிருக்கும் ஹெட்போனில் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும். பேசுகிறவர் மைக்கைத் தட்டுவார், ஊதுவார், "ஹலோ ஹலோ" என்பார். மேலே பத்து மின்விசிறிகள் கடகடக்கும். கூட்டம் சலசலக்கும். ஆளுக்கு இரண்டு நிமிஷம், முடிந்ததும் மணி அடிக்கும். அடுத்த ஆள். இதில் என்ன தப்பு என்று அவன் ரொம்ப நாள் தன்னைக் கேட்டதில்லை. கேட்ட நாட்களில் ஒரு டீ குடித்துவிட்டு மறந்துவிடுவான்.

அன்றைக்கு மறக்க முடியவில்லை. காலையில் தங்கை சமையலறையில் நின்று ஒத்திகை பார்த்துவிட்டுப் போயிருந்தாள்.

அவள் வீடு கிடங்குக்குப் பின்னால் இருக்கும் தெருவில். போன வருஷம் அங்கே புதுக் குடிநீர்க் குழாய் போட்டார்கள். போட்டவர் தலைவரின் மச்சான். நாலு மாதமாக அந்தக் குழாயில் வருவதைத் தண்ணீர் என்று சொல்ல வாய் கூசும். தங்கையின் சின்ன மகளுக்கு இரண்டு முறை மஞ்சள்காமாலை வந்துவிட்டது. இன்னொரு முறை வந்தால் ஈரல் தாங்காது என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து தினமும் காலையில் இரண்டு பிளாஸ்டிக் குடங்களோடு அண்ணன் வீட்டுப் பின்வாசலில் வந்து நிற்கிறாள்.

"அண்ணா, நீதானே மைக்கு? என் நேரம் வர்றப்ப கொர்ருன்னு இழுக்காம பாத்துக்க. எனக்கு ஏற்கெனவே குரல் சின்னது."

"நான் இருக்கேன்ல, பயப்படாம பேசு."

சொல்லிவிட்டான். மனதுக்குள் முடிவும் எடுத்துவிட்டான். தலைவர் கண்ணாடியைக் கழற்றட்டும், உடைத்தே போடட்டும். அந்த இரண்டு நிமிஷம் குமிழைத் தொடுவதில்லை.

கூட்டம் பத்தரைக்குத் தொடங்கியது. பாதிப் பேர் தலைவர் ஆட்கள், எழுதிக் கொடுத்ததை ஒப்பித்தார்கள். "வளைவு பெரிசா வேணும் தலைவரே", "வளைவுல உங்க படம் வேணும் தலைவரே." அவர்கள் ஒவ்வொருவரின் குரலையும் கணீரென்று எடுத்துக் கொடுத்தது மைக்கண்ணன்தான். நடுநடுவே வெகுளியாக யாராவது குப்பை என்றோ பள்ளம் என்றோ தொடங்குவார்கள். கண்ணாடி கழன்றுவிடும். குமிழ் இறங்கிவிடும். அப்படி ஐந்து பேர் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு இறங்கினார்கள்.

பத்தொன்பதாவதாகத் தங்கை மேடையேறினாள். கையில் ஒரு பாட்டில், அதில் டீ நிறத்தில் குழாய்த் தண்ணீர். அண்ணன் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"வணக்கங்க. நான் கிடங்குக்குப் பின்னாடித் தெருவுலேர்ந்து வர்றேன். எங்க தெருவுல நாலு மாசமா குழாயத் தொறந்தா தண்ணி நாறு..."

அங்கே நின்றுவிட்டது.

மைக்கண்ணன் திடுக்கிட்டுத் தலைவரைப் பார்த்தான். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. அவர் மடியில் செல்போனை வைத்து ஏதோ படம் பார்த்துக்கொண்டிருந்தார். சைகையே வரவில்லை. பிறகு குனிந்து பார்த்தான். குமிழ் கீழே இருந்தது. அதன்மேல் அவனுடைய விரல் இருந்தது.

பதினைந்து வருஷம் பழகிய விரல். எந்த வார்த்தைக்குக் கண்ணாடி கழலும் என்று அதற்கே மனப்பாடம். நாற்றம் என்ற பேச்சு வந்ததும் யாரையும் கேட்காமல் தன் வேலையைச் செய்துவிட்டது. சீ என்றிருந்தது அவனுக்கு. தன் கையையே எங்காவது கழற்றி எறியவேண்டும் போல அருவருப்பாக இருந்தது.

மேலே தள்ள விரலை வைத்தான். அதற்குள் சத்தம் நின்றதைக் கவனித்துத் தலைவர் நிமிர்ந்தார். மேடையில் நிற்பது எந்தத் தெரு என்று புரிந்தது. சொல்லாமலே காரியத்தை முடித்த மைக்கண்ணனைப் பார்த்து, வாலாட்டிய நாய்க்குப் பிஸ்கட் போடுவதைப் போல ஒரு தலையசைப்பு அசைத்தார்.

விரல் அப்படியே நின்றுவிட்டது. முதல் நொடிக்கு விரலைக் குறை சொல்லலாம். மீதி ஒன்றரை நிமிஷத்துக்கு அவனைத் தவிர யாரையும் குறை சொல்ல முடியாது.

ஹெட்போனில் தங்கையின் குரல் காதோடு காதாகக் கேட்டது.

"...புழுகூட வந்துச்சு ஒரு நாள். எம் பொண்ணுக்கு ரெண்டு வாட்டி காமாலை. முப்பத்தாறு வீடு இருக்குங்க எங்க தெருவுல, எல்லா வீட்டுலயும் யாராவது படுத்திருக்காங்க. குழாயச் சாக்கடைக்குள்ளயே போட்டிருக்காங்க. நானே குனிஞ்சு பாத்தேன்."

"சத்தமா பேசும்மா!" என்று பின்வரிசையிலிருந்து யாரோ கத்தினார்கள்.

அவள் மைக்கை விரலால் தட்டினாள். ஹெட்போனில் இடி விழுந்தது போலிருந்தது. மைக்கண்ணன் நாற்காலியில் துள்ளினான். மைக் சரியாகவில்லை என்று அவள் பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள். தலைவர் தன் மைக்கை இழுத்தார். அது எப்போதும் வேலை செய்யும்.

"தாகமா இருக்காம்மா? குடிச்சுட்டு நிதானமாப் பேசு."

அரங்கமே சிரித்தது. முன்வரிசையில் மேலிடத்து அதிகாரியும் பல்லைக் காட்டினார். அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சிரிக்க எப்படித்தான் மனசு வந்ததோ! வெட்கங்கெட்ட ஜன்மங்கள். அந்தக் கிண்டலை நாலு ஸ்பீக்கரில் சுத்தமாகப் பெருக்கிக் கொடுத்தவனை மட்டும் எந்தக் கணக்கில் சேர்ப்பது?

தங்கை சிரிக்கவில்லை, அழவுமில்லை. யாருக்கும் கேட்கவில்லை என்று தெரிந்தபின் மனுஷி தன்பாட்டுக்குப் பேசுவாளே, அப்படிப் பேசினாள்.

"எங்க அண்ணன் வீட்டுலேர்ந்துதான் தண்ணி தூக்கறேன். தினம் போய் நிக்கக் கூசுது. அண்ணிய தப்பு சொல்லல. நாலு மாசம் யாருதான் பொறுத்துப்பாங்க?" பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "அண்ணா, மைக் என்னன்னு கொஞ்சம் பாரேன். அண்ணா."

மணி அடித்தது. அவள் இறங்கிப் போனாள். அடுத்து ஏறியவர் வளைவுக்கு இரண்டு பக்கமும் சிங்கம் கேட்டார். மைக் கணீரென்றிருந்தது.

மிக்சர் பெட்டிக்குப் பக்கத்து மேசையில் கூட்டக் குறிப்பு எழுதும் கிளார்க் அம்மா. போன வாரம்தான் மாற்றலாகி வந்தவர், இந்த அரங்கின் சம்பிரதாயம் ஒன்றும் தெரியாது. பேனாவை மூடாமலே இவன் பக்கம் சாய்ந்தார்.

"ஆபரேட்டர் சார், ஏற்கெனவே அஞ்சு காலி, இப்பப் பத்தொம்பதும் காலியா இருக்கு. அந்தப் பாட்டில் கொண்டு வந்தவங்க என்ன பேசினாங்க?"

"மைக் ரிப்பேர் மேடம்."

"ஹாலுக்குத்தானே ரிப்பேர்? உங்க காதுல மாட்டியிருக்கே. அவங்க தட்டினப்ப உங்களுக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சே, நான் பாத்தேன்."

குற்றம் பிடிக்கிற குரல் இல்லை. எழுதவேண்டும், அதனால் கேட்கிறார், அவ்வளவுதான். அந்தச் சாதாரணமான கேள்வி அவனை உலுக்கிவிட்டது. பதினைந்து வருஷத்தில் எத்தனை பேர் இந்தக் காதுக்குள் வந்து கதறிவிட்டுப் போயிருக்கிறார்கள்! என்ன சொன்னார்கள் என்று ஒருத்தர் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பானா என்பது வேறு விஷயம்.

"எழுதிக்குங்க," என்றான் மெதுவாக. கிடங்குக்குப் பின்தெரு. முப்பத்தாறு வீடு. நாலு மாதம். சாக்கடைக்குள் குழாய். புழு. காமாலை. ஒன்று விடாமல் சொன்னான். அண்ணன் வீட்டுக் கதையை மட்டும் சொல்லவில்லை. கிளார்க் அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதினார்.

கடைசியில் பட்டியலைப் படிக்க அவர் மேடைக்குப் போனார். பதினேழு, பதினெட்டு தாண்டியது. "பத்தொன்பது. கிடங்குக்குப் பின்தெருவில் குடிநீரில் கழிவுநீர் கலக்கிறது..."

தலைவரின் கை மூக்குக்கண்ணாடிக்குப் போனது. கழற்றினார். கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார். ஒன்றும் நடக்காததால் இன்னும் அழுத்தித் துடைத்தார். கண்ணாடியே தேய்ந்துவிடும் போலிருந்தது.

மைக்கண்ணன் தன் விரல்களை நம்பவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டான். முப்பத்தாறு வீடும் சாக்கடைக்குள் போன குழாயும் நாலு ஸ்பீக்கரிலும் கேட்டன. கூட்டத்தில் சலசலப்பு அடங்கியது. சற்றுமுன் சிரித்த முகங்களில் இப்போது ஈயாடவில்லை. படித்து முடித்ததும் அதிகாரி கையெழுத்துப் போட்டார். போடாமல் இருக்க அவருக்கு வழியில்லை.

இறங்கிப் போகும்போது தலைவர் மிக்சர் பெட்டி அருகே ஒரு கணம் நின்றார். "உன் மிஷினுக்கு வயசாயிடுச்சுப்பா. அடுத்த கூட்டத்துக்கு வேற ஆள் பாத்துக்கறோம்," என்றார். முகத்தில் அட்டைப்படச் சிரிப்பு அப்படியே இருந்தது.

அரங்கம் காலியானது. மைக்கண்ணன் ஸ்பீக்கர்களை அணைத்துவிட்டு வயரைச் சுற்றத் தொடங்கினான். தங்கை பாட்டிலும் கையுமாக ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. இந்த நாலு மாதத்தில் அவன் பார்க்காத சிரிப்பு.

"அண்ணா, பத்தொம்பதாவது நம்மதுதான்! கேட்டியா? எனக்கு மைக்கே வேலை செய்யலையே, அந்தம்மாவுக்கு யாரு சொன்னா? முப்பத்தாறு வீடுன்னு கரெக்டா வேற எழுதியிருக்காங்க!"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதற்குள் மேடையில் பியூன் மைக்கைக் கழற்றப் போய், அதற்கு நேராக ஒரு இருமல் இருமினார். ஸ்பீக்கர்கள் கம்மென்று கிடந்தன. இருமல் மட்டும் மைக்கண்ணனின் கழுத்தில் தொங்கிய ஹெட்போனிலிருந்து, பக்கத்தில் நின்ற தங்கைக்கும் கேட்கிற அளவுக்கு, தெளிவாக வந்தது.

அவள் மேடையைப் பார்த்தாள். பிறகு ஹெட்போனைப் பார்த்தாள். பியூன் இன்னொரு தரம் இருமினார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அவள் முகத்திலிருந்து இறங்கியது.

"அப்ப உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"எல்லாமேவா? அண்ணி பத்திச் சொன்னதுகூடவா?"

அவன் தலையாட்டினான். தங்கை பாட்டிலை மிக்சர் பெட்டியின் மேல், குமிழ்களுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நான் உன்னத்தானே கூப்பிட்டேன்," என்றாள்.